குமுளிக் கடையில் பெங்களூர் வேலை

காலை பத்து இருபதுக்கு எல்லா மூட்டையும் ஒரே தரமாகிவிட்டது. குமுளியில் என் மகள் சௌமியா வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில், காயைப் படம் பிடித்துத் தரம் பிரிக்கும் மென்பொருள், பருத்த பச்சைக் காயையும் வெடித்த காயையும் ஒன்றாகக் காட்டியது. விவசாயிகளின் ஜீப்புகள் தெருவரை நின்றன. அவளுக்குச் சாப்பாடு எடுத்துத் தூக்குப்போசியோடு போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் வேலை பார்க்கும் கடை என்று எழுதுவதுகூடச் சரியில்லை. சம்பளம் தருவது பெங்களூர் கம்பெனி. மென்பொருளை விற்பவர்கள் கூடவே ஒரு பொறியாளரையும் வாங்கியவர் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கேட்பதை அங்கேயே கேட்டு, அங்கேயே செய்து தர வேண்டும். இப்போது இதுதான் வியாபாரமாம். துணைக்கு நானும், ஆசிரியையாக இருந்த சித்தூரிலிருந்து மலையேறினேன். "பெங்களூர் வேலைன்னா பெங்களூருக்குல்ல போகணும், டீச்சர்? இங்க என்ன செய்யுறீக?" என்று பக்கத்து வீட்டம்மா இன்னும் கேட்கிறார். நான் சொல்லும் பதில் எனக்கே பிடிபடுவதில்லை.

"மழையில நனைஞ்ச காயை ரொம்பக் கீழ்த்தரத்துல தள்ளுது, கொஞ்சம் மாத்திக் குடு பாப்பா" என்று முந்தின நாள் கேட்டவர் கடை முதலாளிதான். அவளும் மாற்றிக் கொடுத்தாள்; அதில்தான் எல்லாத் தரமும் ஒன்றாகிப்போனது. இப்போது அவரே, "உங்க கம்பெனி எம்பேரைக் கெடுத்துருச்சு" என்று கத்தினார். போனில் கம்பெனி மேலாளர், "கஸ்டமர் சொன்னா உடனே செஞ்சுடுவீங்களா?" என்றார்.

"அதுக்குத்தானுங்க சார் இங்க உக்கார வச்சிருக்கீங்க?" என்றாள் சௌமியா.

அடுத்த நிமிடமே பெங்களூரிலிருந்து அவள் கணினிக்குள் நுழைய முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஓர் ஆள் வருவார், அவர் பார்த்த பிறகே அவளுக்கு வேலை உண்டா என்பது முடிவாகும் என்றார்கள்.

சித்தூர்ப் பள்ளியில் எங்கள் தலைமையாசிரியர் என்னைத் திட்டாத வாரமில்லை. ஆனால் பெற்றோர் சண்டைக்கு வந்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பார். என் மகளுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

"நீங்க ஊட்டுக்குப் போங்கம்மா."

"நீ சாப்பிடாம எப்படிப் போறது, கண்ணு?"

"நான் சாப்பிட்டா மிஷின் ஓடுமா?"

மென்பொருள் வருமுன் கையால் காய் பிரித்த பெண்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சும்மா நிற்க முடியாமல் அவளும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். "எங்க வேலையப் பிடுங்க வந்தவளே, வா வா! நல்லாப் பாத்துப் பிரி, இல்லன்னா உனக்குக் கூலி கிடையாது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சௌமியாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் கார் வந்தது. கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஓர் இளைஞர் இறங்கினார். சௌமியா மடியிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு வாசலுக்கு விரைந்தாள்.

"நீங்க இந்தக் கடை ஆளா?" என்றார் அவர். "எங்க இன்ஜினியரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."