கோடு போட்ட தாள்கள்

அன்று வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். மாமியார் உரலில் இடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் கவிழ்த்த பானைமேல் காகிதக் கூழை அப்பிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் தண்ணீர் இறைக்கிற கவலைத் தோலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் வெந்தயம் அரைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதாக வீட்டுக்காரர் பாலக்கோட்டிலிருந்து வந்து சேர்ந்தார்.

காகிதக் கூடை எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் உண்டு. பழைய காகிதத்தை மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். வெந்தயம் சேர்த்து இடித்து, கவிழ்த்த பானைமேல் அப்பிக் காயவைத்தால் கூடை. கேழ்வரகு மாவு ஒரு பொட்டு சிந்தாது. அது சண்டைக் காலம். காகிதம் அகப்படாது. நாத்தனார் புருஷன் வீட்டுக்குக் கிளம்ப இருந்தாள். இரண்டு கூடை கொடுத்தனுப்ப வேண்டும் என்றார் மாமியார். பரணில் இருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவை வீட்டுக்காரர் சேர்த்து வைத்த இங்கிலீஷ் பேப்பர்கள். சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். கணக்கும் கட்டுரையும் அவருக்கு வரும். பொது விஷயம் என்று ஒரு பரீட்சை உண்டு. உலகத்தில் அந்த வருஷம் என்ன நடந்தது என்று கேட்பார்கள். போன தடவை அதில்தான் போயிற்று. அதனால் வாரம் ஒருமுறை பாலக்கோட்டுக்கு நடப்பார். அங்கே ஒரு குமாஸ்தா படித்து முடித்த பேப்பர்களை வாங்கி வருவார். ஒரு வருஷம் அப்படிச் சேர்த்தார்.

இது கடைசித் தடவை. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். நிலம் மழையை நம்பியது, அண்ணன் குடும்பத்துக்கே போதாது. பரீட்சை போனால் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஆள் எடுக்கிற லாரி சந்தைக்குச் சந்தை வந்து நின்றது. எங்கள் ஊரில் போனவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குத் தந்தி வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நான் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

பரணில் கட்டு இரண்டு. ஒன்று கை படாத மாதிரி சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் தாளுக்குத் தாள் பென்சில் கோடு, ஓரமெல்லாம் எழுத்து. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் தெரியாது. கிறுக்கிப் பாழான கட்டு வேண்டாதது என்று நினைத்தேன். நல்ல கட்டைத் துணியில் சுற்றித் திரும்பப் பரணில் வைத்தேன். கேட்டிருக்கலாம். அவர் கொல்லையில் இருந்தார். கேட்கவில்லை. மாட்டுக் கொட்டகைத் தொட்டியில் மூன்று நாள் ஊறியது. அவர் கண்ணில் படவில்லை.

பாலக்கோட்டிலிருந்து வந்த அன்றிலிருந்துதான் எல்லாவற்றையும் திருப்பிப் படிக்க இருந்தார். பரணில் ஏறித் துணிக்கட்டோடு இறங்கினார்.

"கோடு போட்டதெல்லாம் எங்க புள்ள?"

"அது கிறுக்குன தாளுங்க. நல்லதத் தனியா எடுத்து வச்சிட்டனுங்க."

கட்டைப் பிரித்தார். நாலு தாள் தள்ளிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல புள்ள. இல்லைன்னுதான் கோடு போடாம வச்சேன்."

உலக்கை நின்றது. அண்ணன் ஊசியைக் கீழே வைக்காமல் சொன்னார்: "பேப்பர் படிச்சிக் கலெக்டர் ஆவறேன்ன. கூடை வித்துப் பொழச்சிக்க, போ."

"வாய மூடுடா, நேரங்கெட்ட நேரத்துல" என்றார் மாமியார்.

வீட்டுக்காரர் உரலில் கையை விட்டு ஒரு பிடி கூழை எடுத்தார். பிழிந்தார். விரித்துப் பார்த்தார். திரும்ப உரலிலேயே போட்டார். என்னை அவர் வையவில்லை. வைதிருக்கலாம். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் நான் பாலக்கோட்டுக்குப் போனேன். குமாஸ்தா வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"இருந்ததெல்லாம் அவருக்கே குடுத்துட்டேம்மா. இந்த வாரத்துது மட்டும் இருக்குது" என்றார்.

கடைகளில் கேட்டேன். "பொட்டலம் கட்ட நாங்களே எலை தேடறோம், நீ பேப்பர் கேக்கற" என்றார் மளிகைக்காரர். ஆனாலும் கிழிசல் ஒன்பது கொடுத்தார். மிளகாய் நெடியோடு கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழு, மருந்து விளம்பரம்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நினைவிருந்ததை எழுதிப் பார்த்தார். கொஞ்சந்தான் வந்தது.

நாலாம் நாள் கிணற்றில் தண்ணீர் சேந்தினேன். கயிறு கைக்கு வரும்போது வாயில் ஏதோ இங்கிலீஷ் பேச்சு வந்தது. எனக்கு அதற்கு அர்த்தம் தெரியாது. அவர் தினமும் காலையில் படித்ததை, நான் வேலை செய்கிற இடத்தில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். அது காதில் விழுந்து கிடந்திருக்கிறது.

அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நின்றார்.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். ஏதோ ஒரு தேசத்து மந்திரி பேராம்.

"அப்புறம்?"

"தெரியலீங்க."

"கயிற உடு. இன்னொரு வாளி சேந்து."

சேந்தினேன். இன்னொன்று வந்தது.

கிணற்றடியில் சொன்னது கிணற்றடியில்தான் வந்தது. கொட்டகையில் சொன்னது கொட்டகையில் வந்தது. சும்மா உட்கார வைத்துக் கேட்டால் ஒன்றும் வராது. அதனால் நான் போகும் இடமெல்லாம் அவர் பென்சிலோடு வந்தார். மிச்சமிருந்த சுத்தக் கட்டின் ஓரங்களில் எழுதிக்கொண்டார்.

ஊர் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி கிணற்றடியில் கேட்டாள்: "ஏண்டி, ஆம்பளைய முந்தானையில முடிஞ்சிக்கினே திரியறியா?"

"எத்தினி குடம் மொண்டேன்னு எழுதறாருக்கா" என்றேன்.

அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து சொல்வார்: "சாணி அள்ளுனா சப்பான்காரன் வரான், மாவு அரைச்சா செருமன்காரன் வரான். களி கிண்டறப்ப எவன்டா வருவான்?" சொல்லிவிட்டு, என் பங்கு மாட்டுத் தண்ணீரை அவரே காட்டிவிடுவார்.

தேவைக்கு மேலேயே வேலை செய்தேன். பெருக்கின வாசலை மறுபடி பெருக்கினேன். கை புண்ணாயிற்று. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. சண்டையில் ஊர்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. ஒரே ஊரை ஒருநாள் ஒருத்தன் பிடித்தான் என்று சொல்லியிருக்கிறார், இன்னொரு நாள் இன்னொருத்தன் பிடித்தான் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டும் வந்தது.

"மொதல்ல சொன்னது எது, பொறவு சொன்னது எது?"

"ரெண்டும் கெணத்தடிதானுங்க."

"கெணத்துல தண்ணி மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா? நெனச்சிப் பாரு."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நினைத்தேன். ஒன்றைச் சொன்னபோது வாளி சீக்கிரம் வந்தது. மழைக்குப் பிறகு. மற்றதற்குக் கயிறு நீளமாகப் போனது. கோடை. அப்படிப் பார்த்துப் பார்த்து அவர் சரிசெய்தார்.

அப்படிக் கை மாறினதில் ஆட்டுக்கல்லடியில் சொன்ன ஊர்கள் இரண்டு. ஆட்டுக்கல்லுக்கு மழையும் இல்லை, கோடையும் இல்லை. அரை நாள் வெறுங்கல்லைச் சுற்றினேன். முன்னே எது, பின்னே எது, தெரியவில்லை.

"எதையாவது சொல்லு புள்ள" என்றார்.

சொன்னேன். அதையே எழுதிக்கொண்டார்.

சேலத்தில் பரீட்சை. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் போனார். மூன்றாம் நாள் திரும்பினார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன்.

"எப்படிங்க?"

"எழுதனேன்."

"அந்த ரெண்டு ஊரு?"

"ரெண்டும் கேட்டிருந்தான். ஒண்ணுக்கு ஒரு மார்க்கு."

"நான் சொன்னது சரிங்களா?"

"சோறு போடு" என்றார்.

தேறினவர்கள் பட்டியலில் அவர் நம்பர் இல்லை. மார்க்கு கேட்டு எழுதிப் போட்டார். கார்டு வந்த மறுநாள் சந்தை. அவர் பெட்டியிலிருந்து இரண்டு வேட்டியும் ஒரு சட்டையும் எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். கார்டை என் கையில் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பொது விஷயத்தில் தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

முப்பத்து மூன்று.