பூமயிலின் அரை மூச்சு

பாம்பன் தெற்குவாடியில் நாகநாதன் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தக்கை வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கை காட்டும். முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பெயர் அவன் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுத் தக்கை என்று அச்சடித்துவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது வேறு யாரோ என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பான். வைத்தது கூடப்பிறந்த அக்கா பூமயில். அதுதான் இன்று வரைக்கும் ஆறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் திரிந்தவனை, பதிமூன்று வயதில் பூமயில் தன்னோடு கடல்பாசி எடுக்கக் கூட்டிப்போனாள். அவளுக்கு அப்போது இருபது. இவன் வீராப்பாக நெஞ்சு முட்டக் காற்றை இழுத்துக்கொண்டு குதித்தான். உடம்பு உள்ளே போகவில்லை. வலையில் கட்டிய தக்கை மாதிரி மேலேயே கிடந்து ஆடியது. மூன்று தடவை குதித்தும் அதே கதைதான். படகு நிறையப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "ஏலே தக்கை, அம்புட்டுக் காத்தையும் இழுத்தா எப்பிடிலே இறங்குவ? அரை மூச்சு இழு, அரை மூச்சு" என்றாள் பூமயில். சிரிப்பு அடங்கவே இல்லை. படகு கரைக்கு வருமுன் பெயர் கரைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாகநாதன் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனான். கடலில் இறங்கவேயில்லை.

பூமயில் இறங்கினாள். நாற்பது வருஷம். கட்டியவன் கேரளாவுக்கு வேலைக்கென்று போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, ரெண்டு பாகம், ரெண்டு ஆள் ஆழத் தண்ணீரில் பாறையைத் தடவித் தடவி மரிக்கொழுந்துப் பாசி பறித்தே மகள் மதுமதியைப் படிக்க வைத்தாள். ஒருமுறை ராமேஸ்வரத்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு நீச்சல்காரர், யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று பந்தயம் கட்டினார். அவர் கண் பிதுங்கி மேலே வந்து, துண்டை வாங்கித் தலை துவட்டி முடிக்கிற வரைக்கும் பூமயிலைக் காணோம். பிறகு ஒரு கை பாசியோடு எழுந்து, "இன்னும் அவுக முங்கலையா?" என்று கேட்டாள்.

அந்த நெஞ்சில்தான் இந்தத் தை மாசம் இருமல் வந்து உட்கார்ந்தது. பங்குனியில் எச்சிலோடு ரத்தம். ராமநாதபுரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மதுமதி நெஞ்சைப் படம் எடுக்க வைத்தாள். இடது நுரையீரலின் கீழ் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவு ஏதோ இருந்தது. தாயிடம், "சளி கட்டி நிக்கிதும்மா" என்றாள். மாமனிடம், "கட்டி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியை முழுங்கினாள். முழுங்கியது என்னவென்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்துகிருஷ்ணன் பொறுமையாகத்தான் சொன்னார். அது கெட்ட கட்டியா இல்லையா என்று தெரிய ஒரு துணுக்கு எடுக்கவேண்டும். வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு எடுக்கலாம். ஆனால் மூச்சுக்குழாய் மரம் மாதிரிக் கிளை கிளையாகப் பிரிந்து போகிறது. எந்தக் கிளையில் போனால் கட்டி வரும் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். அதற்குத்தான் இந்த ஸ்கேன். மீனைத் துண்டு போடுகிற மாதிரி நெஞ்சை மெல்லிசு மெல்லிசாகப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் திரும்ப அடுக்கி, மூச்சுக்குழாய்க்கு மட்டும் ஒரு வரைபடம் போடுவார்கள்.

"வழி தெரியலேன்னா?" என்று கேட்டான் நாகநாதன்.

"வெளியே இருந்து விலாவுக்குள்ள ஊசி போட்டு எடுக்கணும். சில பேருக்கு அதுல நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்துக் கசியும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் இவன் காதில் ஏறவில்லை. ஓட்டை என்ற சொல்லே உள்ளே நின்று சுற்றியது.

காலையில் ஸ்கேன் முடிந்தது. பதினொரு மணிக்கு மாஷிதா கூப்பிட்டாள். தொண்டி ஊர்க்காரப் பிள்ளை, ஸ்கேன் எடுப்பதும் வரைபடம் போடுவதும் அவள்தான். மதுமதி மாத்திரை வாங்கப் போயிருந்ததால் நாகநாதன் தனியாக உள்ளே போனான். திரையில் நீல நிறத்தில் ஒரு மரம் தலைகீழாகத் தொங்கியது. கீழே போகப் போகக் கிளையெல்லாம் மொட்டை. இடது பக்கம் ஒரு கிளை வெட்டி விட்டதுபோல நின்றது. அதற்குத் தள்ளி, எதிலும் ஒட்டாமல், சிவப்பாக ஒரு புள்ளி.

"அதுதான் கட்டிண்ணே. வழி இங்கனயே அறுந்து போச்சு. ஊசிதான் போடணும்போலன்னு டாக்டர் சொல்றாக."

நாகநாதன் திரைக்குக் கிட்டே போனான். "எதுக்கும்மா அறுந்துச்சு?"

"நுரையீரல் நல்லா விரிஞ்சாத்தான் சின்னக் குழாயெல்லாம் திறந்து படத்துல விழும். அம்மாவுக்கு விரியல. ஆனா அவுக கல்லு மாதிரி அடக்கிட்டுத்தான் கிடந்தாக. அப்பிடி அடக்குன ஆளை நான் பார்த்ததே இல்ல."

அடக்கினாள், சரி. எவ்வளவு இழுத்து அடக்கினாள்?

நாகநாதன் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். படித்தவர்கள் இருக்கிற இடத்தில் நாலாங்கிளாஸ்காரன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஓட்டை விடவில்லை.

"பாப்பா, ஒண்ணு சொல்வேன். சிரிக்கக் கூடாது. அவ இழுத்தது அரை மூச்சு."

"எப்பிடிண்ணே சொல்றீங்க?"

"பாசிக்கு இறங்குறவுக முழுசா இழுக்க மாட்டாக. மேல தூக்கிரும். மூச்சை அடக்குன்னா அவளுக்கு முங்குறதுதான். அந்த அரை மூச்சாலதான் எம் பேரே கெட்டுப்போச்சு."

மாஷிதா சிரிக்கவில்லை. திரையை ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று அவர் சொன்னார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூமயில் மல்லாந்து கிடந்தாள். நாகநாதனை மைக்கில் பேசச் சொன்னார்கள்.

"அக்கா, நீ இழுத்தது பத்தலையாம்."

"நீ எங்கலே உள்ள வந்த? இழுத்து அடக்கச் சொன்னாக, அடக்கிட்டேன்ல."

"அரை மூச்சு அடக்குன. முழுசா இழு."

இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு பாதியில் நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்தாள். அதே இடத்தில் நின்றது. மாஷிதா உதட்டைக் கடித்தாள். "இன்னும் ஒரே தடவைதாண்ணே. சும்மா சும்மா எடுக்க முடியாது."

நாகநாதன் மைக்கை நோக்கிக் குனிந்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவன் தன் வாயால் சொன்னதே இல்லை.

"அக்கா. தக்கை மாதிரி இழு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூமயிலின் தோள் குலுங்கியது. பிறகு ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது. இருமல் நிற்கவேயில்லை. மாஷிதாவின் விரல் பொத்தானுக்கு மேலேயே காத்துக்கிடந்தது. ஒருவழியாக இருமல் ஓய்ந்தது. பூமயில் கண்ணை மூடினாள். நெஞ்சு எழும்பியது, பாதியைத் தாண்டியது, இன்னும் எழும்பியது. மிஷின் சுற்றத் தொடங்கியது.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் மரம் வந்தது. மொட்டையாக நின்ற கிளையிலிருந்து நூல் மாதிரி ஒன்று கிளம்பி, வளைந்து வளைந்து போய், சிவப்புப் புள்ளியின் விலாவைத் தொட்டது.

"வழி விழுந்துருச்சுண்ணே," என்றாள் மாஷிதா. நாகநாதன் அங்கேயே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அந்த வழியாகவே குழாய் போய்த் துணுக்கைக் கிள்ளி வந்தது. ஓட்டை விழவில்லை. பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மதுமதி முன் சீட்டில் தூங்கிவிட்டாள். பஸ் பாம்பன் பாலம் ஏறியது. குழாய் விட்டதில் பூமயிலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாலத்தின் நடுவில் வந்ததும் தம்பி பக்கம் சாய்ந்தாள்.

"சளின்னு சொன்னா இவ. நான் நம்பிட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்கா."

நாகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இங்கன பாரு. பேப்பர் வந்தா நீ போய் டாக்டர்கிட்டக் கேளு. நல்லதோ கெட்டதோ, அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லிரணும். இவளை மாதிரிப் பாதியை முழுங்கக் கூடாது. முழுசாச் சொல்லுலே தக்கை."