தர்மபுரிக்காரரின் கடல்

என் மாமனார் தர்மபுரிக்காரர். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒகேனக்கலைத் தாண்டி அவர் தண்ணீர் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்தால் கடல்தான். அவர் மகளை நான் காதலித்துக் கட்டிக்கொண்ட அன்று குடும்ப மானம் கப்பலேறிவிட்டதாம். நான் சோபாவில் சற்று அதிகமாக உட்கார்ந்தால் நங்கூரம் பாய்ச்சிவிட்டேன் என்பார். கிரிக்கெட்டில் நம் அணி தோற்றுவிட்டால், "கப்பல் கவுந்த மாதிரி ஏன் கன்னத்துல கை வச்சிருக்காருன்னு கேளும்மா" என்பார்.

கேட்க வேண்டியவள் என் மனைவி. என்னிடம் அவர் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பொம்மனஹள்ளியில் ஒரே வீட்டில், ஒரே டிவிக்கு முன்னால், வருஷக்கணக்காக இப்படித்தான். "உன் வீட்டுக்காரருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு." நான் எதிரில்தான் இருப்பேன். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்து மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சம்பள உயர்வைவிட எனக்கு அதுதான் பெரிய ஆசை.

போன மழைக்கு எங்கள் தெரு ஏரியாகிவிட்டது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகோடு வந்தார்கள். மாமனார் முகத்தில் பயத்தைக் காணோம், பெருமைதான் இருந்தது. "நம்ம அளியா நாகப்பட்டினம் சார்! துடுப்ப அவர்கிட்டயே குடுங்க!" என்றார். அளியா என்றால் மருமகன். இந்த ஊர்க் கன்னடத்திலாவது சொல்லிவிட்டாரே என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

நாகப்பட்டினத்தில் என் அப்பா வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. நான் படகில் கால் வைத்ததே இல்லை. அதைச் சொல்லும் நேரமா அது? துடுப்பை வாங்கிக்கொண்டேன். படகு நின்ற இடத்திலேயே சுற்றிவிட்டு பேக்கரி ஷட்டரில் போய் முட்டியது. மறுபடியும் சுற்றியது. தீயணைப்புக்காரர் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். நான் விளிம்பில் குனிந்தேன். காலையில் தின்ற சித்ரான்னம் முழுவதும் தெருவோடு போயிற்று. எதிர்மாடியில் இருந்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

தொலைந்தது, இனி ஆயுசுக்கும் பேச மாட்டார் என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் நெற்றியைத் தாங்கியது. லேத் பிடித்துக் காய்ப்பேறிய கை. மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். அவளைக் கேட்கச் சொல்லவில்லை.

"இன்னும் வருதா மாப்ள? என் மேல சாஞ்சுக்கோங்க."

சாய்ந்துகொண்டேன். மேடு வந்து எல்லாரும் இறங்கிய பிறகும், இன்னும் தலை சுற்றுகிறது என்று சொல்லி அப்படியே கிடந்தேன்.