உடையாத அம்பு கேட்டேன்

இரண்டு வருடத்துக்கு முன்பு, பெங்களூரு ஹெப்பகோடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் நடந்தது இது. நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. குக்கர் விசில் வரத் தாமதமானாலே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு வில் பிடிக்கிற மகள் பிறந்திருக்கிறாள்.

அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. மாவட்ட அணித் தேர்வுக்குப் புது அம்பு வேண்டும் என்று பயிற்சி தரும் சார் ஒரு சீட்டில் அம்பின் எண் ‘800’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த வாரம்தான் மைதானத்தில் ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது. எங்கேயோ விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போதே உடைந்து, அதன் ஊசி போன்ற சிம்பு ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் ஏறிவிட்டதாம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.

கடையில் சீட்டை நான் வெளியே எடுக்கவில்லை. “எது கெட்டி? எது உடையாது?” என்றுதான் கேட்டேன். கடைக்காரர் 500 என்று போட்ட ஒன்றை எடுத்து வளைத்தார். அசையவே இல்லை.

“ஆனா இது பெரியவங்க இழுக்கிற வில்லுக்கும்மா.”

“பரவால்ல, இதையே குடுங்க.”

சார் பார்த்தால் திட்டுவாரே என்று, எண் மறைகிற மாதிரி வால் பக்கம் ரோஸ் ஸ்டிக்கரும் சுற்றச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அம்பெல்லாம் இடது பக்கமே போனது. குறி பார்க்கும் கருவியை நகர்த்திப் பார்த்தார்கள். நடுவுக்கு வந்தாலும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நாணை விடுவதில் தப்பு என்றார் சார். விரல் நுனி கொப்புளிக்கும் வரை அவள் திரும்பத் திரும்ப எய்து பழகினாள். ஒரு வாரம் கழித்து, நாண் அடிக்காமல் இருக்கக் கையில் கட்டும் காப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“என் கையே சரியில்லம்மா. தேர்வுக்கு நான் வரலன்னு சார்கிட்ட சொல்லிடு.”

சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் சாரிடம் நடந்தேன். மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் அங்கேதான் இருந்தார்கள்.

“அவ கை மேல தப்பில்ல சார். சீட்டுல இருந்ததை நான் வாங்கல.”

அவர் நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்து எண்ணைப் பார்த்தார். “என்னம்மா இது! உடையவே கூடாதுன்னா கம்பிக் கடைக்குப் போயிருக்கலாமே!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சிரிங்க சார். எது சரின்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டுச் சிரிங்க.”

சொன்னார். எண் குறையக் குறைய அம்பு விறைப்பாம். வில்லை விட்டுப் போகும்போது அம்பு மீன் மாதிரி நெளிந்துதான் நேராகுமாம். என் மகள் வில்லின் இழுப்புக்கு 500 நெளியாது, ஒதுங்கித்தான் போகும். சிம்புக்குப் பயமா? எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் காதருகே லேசாக வளைத்துச் சுழற்ற வேண்டும். ‘கிரக்’ என்று சத்தம் கேட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். முதலிலேயே கேட்டிருந்தால் இதை முதலிலேயே சொல்லியிருப்பார்.

மறுநாள் லீவு போட்டு 800 வாங்கி வந்து, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு வாரமா என் கையை நானே திட்டிட்டிருந்தேன். நீ பாத்துட்டுத்தானம்மா இருந்த?”

இரண்டு நாள் அவள் என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. ஆனால் காப்பைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். தேர்வில் கடைசிப் பெயராகத்தான் அவள் பெயர் வந்தது; ஆனாலும் வந்தது.

என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதற்காக அந்த ஒரு வாரம் அவள் விரல்கள் பட்ட பாட்டை நினைத்தால், தெரியாத எதையும் எத்தனை பேர் சிரித்தாலும் வாய்விட்டுக் கேட்டுவிடும் பிடிவாதம் எனக்கு வந்துவிடுகிறது.