ஆறு வீட்டுக்கு ஓர் ஆள்

வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டுக்காரரை நான் இந்தக் கல்கத்தாவில் இன்னும் பார்க்கவில்லை. கையில் சாவிக்கொத்தும் காதில் போனுமாக அலைகிற அன்பர்களே, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒன்பதாம் நாள்

காளிகாட்டில் மேலும் கீழுமாக இரண்டு வீடு. பாலிகஞ்சில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் ஒன்று. சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டுக்குப் பக்கத்தில் மூன்று. காளிகாட் வீடு மாமனார் காலத்தது. மற்றதெல்லாம் என் கணவர் சுந்தரம் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. வாங்குவது அவர் இலாகா, மேய்ப்பது என் இலாகா. ஏழாவதாக ஒன்றுக்கு அவர் நூல் விட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் எங்கள் மகள் வித்யா பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, தை மாதம் இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது என்றாள்.

சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே போன தடவை நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. அவளுடைய முதல் பிரசவத்துக்கு மூன்று மாதம் இருக்கிறேன் என்று போனவள் நான். சாந்த்ராகாச்சியில் மோட்டார் எரிந்துவிட்டது, மூன்று வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று போன் வந்தது. ஒன்பதாம் நாளே ரயிலேறிவிட்டேன். உடம்பு தேறாத பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டாளோ தெரியாது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தத் தடவைதான் சொன்னாள்.

"அம்மா, மூணு மாசம் இருக்க முடியும்னா வா. முடியாதுன்னா இப்பவே ஃப்ராங்க்கா சொல்லிடு, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். பாதியில விட்டுட்டுப் போறதுக்கு மட்டும் வராதே."

டை கட்டியவர்

ஆள் வைப்பதா வேண்டாமா என்று அதற்கு முன்பே ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தோம். இப்போது வித்யா கெடு வைத்துவிட்டாள். முதலில் வீடுகளைப் பராமரிப்பதற்கென்றே நடக்கும் ஒரு கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். நல்ல மரியாதை. வாடகைக்காரர் தன் குறையை போனில் ஒரு ஆப்பில் எழுதுவாராம். உடனே அதற்கு டிக்கெட் என்று ஒரு புகார்ச் சீட்டு பிறக்குமாம். அது உரிய இலாகாவுக்குப் போய், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தீர்வோடு திரும்புமாம்.

காளிகாட் கீழ் வீட்டுச் சமையலறையில் இரண்டு வருஷமாக மேலேயிருந்து தண்ணீர் கசிகிறது, பிளம்பர் குழாயை எல்லாம் மாற்றியும் நிற்கவில்லை, அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கும் டிக்கெட்தான் என்றார். காபி குடித்துவிட்டு அவர் கிளம்பிப் போனதும் சுந்தரம் என் பக்கம் திரும்பினார்.

"அவர் சொல்றதெல்லாம் சரி. ஆனா தண்ணி டிக்கெட் வாங்கிக்கிட்டா கீழே இறங்குது?"

நல்ல மனுஷர்

பிறகு சுந்தரமே முன்வந்தார். நீ பெங்களூர் போ, நான் இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு வாரம் ஒத்திகை பார்க்கலாம் என்று காளிகாட்டுக்கு அனுப்பினேன். வேலை இரண்டே இரண்டு. கீழ் வீட்டுக்காரர் நடைபாதையில் ஸ்கூட்டரை நிறுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டும். மேல் வீட்டுக்காரர் மொட்டைமாடியில் அடுக்கியிருக்கும் பூந்தொட்டிகளைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவருக்குப் பசியே இல்லை. இரண்டு வீட்டிலும் இந்த ஊர்ப் பால் இனிப்பான சந்தேஷ் சாப்பிட்டிருக்கிறார். கீழ் வீட்டு ஸ்கூட்டருக்கு வெயில் படாமல் ஒரு கூரை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மேல் வீட்டில், தொட்டிகள் வெயிலில் வாடுகின்றன என்பதால் மாடிக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அவ்வளவு அன்பா கேக்கறாங்க. வாயில சந்தேஷை வச்சுக்கிட்டு எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?"

சுவருக்கு ஜுரம்

என் மாமியார் படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் ஆயா சென்டரிலிருந்துதான் ஆள் வந்துகொண்டிருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்களை அனுப்பும் அலுவலகம் அது. இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு. எந்த ஆயா எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்று அங்கே பன்னிரண்டு வருஷம் பட்டியல் போட்டவள் மிதாலி. நாற்பத்தைந்து வயது, பருத்திப் புடவை, தோளில் ஒரு பை. ஒரு நாள்கூட ஆள் வராமல் எங்களைத் தவிக்க விட்டதில்லை. அந்த சென்டரை மூடிவிட்டார்கள், வேலை தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு ஆனி மாதத்தில் அவளைக் கூப்பிட்டேன். வீடுகளைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டதற்கு, முதலில் நோயாளிகளைக் காட்டுங்கள் என்றாள்.

காளிகாட் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறினாள். கூரையில் இருந்த ஈரக்கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் கிழமையை எழுதினாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து ஏறிப் பார்த்தாள். பதினைந்து நாள் இப்படி. கீழ் வீட்டுக்காரருக்கு அவள்மேல் சந்தேகமே வந்துவிட்டது. பதினைந்தாம் நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கறை இரண்டே நாள்தான் கோட்டைத் தாண்டியிருந்தது, இரண்டும் வியாழக்கிழமை. மேல் வீட்டு அம்மாள் வியாழன்தோறும் லக்ஷ்மி பூஜைக்காகப் பூஜை அறையை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார். அறை வாசற்படி ஓரம் ஒரு விரிசல். அந்தப் பக்கம் குழாயே கிடையாது. இரண்டு வருஷமாக நாங்கள் குழாய் மாற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் பயந்தேன். மிதாலி அவரிடம் கசிவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தேவி இருக்கும் அறையில் விரிசல் இருக்கலாமா, கொத்தனாரைக் கூட்டி வந்திருக்கிறேன் என்றாள். அந்த அம்மாள் கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தார். எனக்கு மிதாலியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கோடு போட்டுக் கிழமை எழுதிப் பார்க்க எப்படித் தோன்றியது உனக்கு என்று கேட்டேன். இங்கே அண்ணியை பௌதி என்பார்கள், அவளுக்கு நான் பௌதி.

"ஜுரம்னு சொன்ன உடனே மருந்து குடுக்கக் கூடாது பௌதி. எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு முதல்ல எழுதிப் பாக்கணும். சுவரும் உடம்புதான்."

யாருக்கும் சொந்தமில்லாத நாள்

பாலிகஞ்ச் மூன்றாவது மாடி போன வருஷம் ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. குற்றம் என்னுடையது. ஆடியில் வந்த குடும்பத்திடம், ஆடியில் பால் காய்ச்சக் கூடாது, ஆவணியில் வாருங்கள் என்றேன். ஆவணி பிறந்ததும் அவர்கள் வர மறுத்துவிட்டார்கள். வங்காளிகளுக்கு அது பாத்ர மாதம், வீடு மாற மாட்டார்கள். அது முடிந்தால் எனக்குப் புரட்டாசி. அதற்குள் துர்கா பூஜை வந்துவிடும், பூஜை சமயத்தில் இந்த ஊரில் ஒரு பாத்திரம்கூட இடம் மாறாது. அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த வருஷமும் ஆடியில்தான் ஆள் வந்தார்கள். ஒரு பேராசிரியை, அவர் கணவர், கணவரின் தங்கை. தங்கமான குடும்பம். நான் ஆடி என்று வாயைத் திறக்க, பேராசிரியை பாத்ர என்று வாயைத் திறக்க, மிதாலி எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள். தன் பையிலிருந்து ரோஸ் அட்டை போட்ட வங்காளப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பக்கத்தில் பிரித்தாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது, ஒவ்வொரு தாளாக என்னைப் படிக்கச் சொன்னாள். நான் ஆவணி ஒன்று என்று படித்த நாள், அவள் பஞ்சாங்கத்தில் சிராவண மாதத்தின் கடைசி நாளாக இருந்தது. இந்த வருஷம் அப்படி அமைந்திருந்தது. எனக்கு ஆடி முடிந்துவிட்டது, அவர்களுக்குப் பாத்ர பிறக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு நாள். அறுபது வருஷமாக இந்த ஊரில் இரண்டு பஞ்சாங்கத்துக்கு நடுவே வாழ்கிறேன், எனக்கு இது தெரியாமல் போயிற்று.

அந்த நாளில் பேராசிரியை ஒரு லக்ஷ்மி படம், புது விளக்குமாறு, ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். நானும் அவரும் சேர்ந்து நின்று பால் பொங்குவதைப் பார்த்தோம். பொங்க வேண்டும் என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கட்டிலும் பீரோவும் பிறகு பாத்ர மாதம் முழுவதும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அது தப்பில்லையா என்று கேட்டதற்குப் பேராசிரியை நிதானமாகப் பதில் சொன்னார்.

"குடி வந்தது லக்ஷ்மியும் நாங்களும். கட்டில் சும்மா எங்களைப் பார்க்க வந்திருக்கு."

தையல் மிஷின்

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கட்டத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. சாந்த்ராகாச்சியையாவது அவளால் சமாளிக்க முடியாமல் போனால் தேவலை என்று உள்ளுக்குள் இருந்தது. அங்கே கீழ் வீட்டில் முருகேசன், நம்ம ஊர்க்காரர், ரயில் ஓட்டுகிறவர். அவருக்குப் பாதி நாள் பகலில்தான் தூக்கம். அவர் தலைக்கு மேலே குடியிருக்கும் பெண் பிளவுஸ் தைக்கிறவள். மிஷின் ஓடினால் இவர் கட்டில் அதிரும். மூன்று வருஷமாக நான் மாடிப்படியில் நின்று இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கத்திவிட்டு வருவேன். அதோடு அந்த மாதத்து வேலை முடிந்தது.

மிதாலி யாரிடமும் கத்தவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை முருகேசனிடம் ட்யூட்டி நேரத்தைக் கேட்டு எழுதி, அந்தத் தாளை மேல் வீட்டு மிஷினுக்கு நேரே சுவரில் ஒட்டினாள். அவர் ரயில் ஓட்டும்போது அவள் மிஷின் ஓட்டினாள். பன்னிரண்டு வருஷம் ஆயாக்களுக்குப் பட்டியல் போட்டவளுக்கு இது ஒரு வேலையா? ஆனால் எனக்கு மூன்று வருஷமாகத் தோன்றவில்லையே. முருகேசன் முகமே மாறிவிட்டது.

"எங்கம்மா கூட என்னை இப்படித் தூங்க விட்டதில்லைக்கா."

பெங்களூர்

மார்கழியில் நானும் சுந்தரமும் பெங்களூர் போனோம். தையில் பேத்தி பிறந்தாள். முதல் வாரம் மிதாலிக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது பௌதி என்பாள், வைத்துவிடுவாள். மூன்றாவது வாரம், பேத்தி பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்ல முருகேசன் கூப்பிட்டார். பேச்சுவாக்கில், மாடிப்படி வயர் எரிந்த அன்றைக்கு என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால், பத்து நாளைக்கு முன்னால் மீட்டர் பக்கத்தில் புகை வந்து மூன்று வீட்டுக்கும் கரன்ட் போயிருக்கிறது.

அவர் போனை வைத்ததும் என் விரல் தானாக ரயில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எதிரே வித்யா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் நான் எழுந்தேன். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், அத்தனை கோபத்தையும் மிதாலி மேல் கொட்டினேன். என் வீட்டில் தீப்பிடித்தால்கூட எனக்குச் சொல்ல மாட்டாயா என்றேன்.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் வந்தார், மத்தியானத்துக்குள் கரன்ட் வந்துவிட்டது, பழைய வயரை முழுக்க மாற்றியாயிற்று, படம் எடுத்து வைத்திருக்கிறேன், நீங்கள் வந்ததும் காட்டலாம் என்று இருந்தேன் என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், பழைய சென்டரில் புது ஆயாவுக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"எங்க வேலையில ஒரு விதி உண்டு பௌதி. பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள்ள வேற வீட்டு நோயைக் கொண்டுபோகக் கூடாது. நீங்க இப்ப குழந்தை வீட்ல இருக்கீங்க."

நான் உள்ளே போய் வித்யாவிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். ஒரு வருஷம் யோசித்து ஆறு வீட்டுக்கு ஓர் ஆளை வேலைக்கு வைத்தவள் நான், அவள் என்னை எப்போது வேலையிலிருந்து நீக்கினாள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.