முதலாளியின் பையில் அமீருதீன்

தனியார் விமானங்கள் பறக்கத் தொடங்கிய புதிதில், தாம்பரம் கடப்பேரியிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பம்பாய் போய்வந்துகொண்டிருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெயர் அமீருதீன். எட்டாம் வகுப்பு. மின்சார ரயிலில் சீசன் டிக்கெட்டில் திரிசூலம் வரை வந்து, ரோட்டைக் கடந்து, விமானம் ஏறுவார்.

நாங்கள் இருவரும் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தோம். எனக்கு டைப்பிஸ்ட் என்று ஒரு பெயராவது இருந்தது. அவர் செய்த வேலைக்குப் பெயரே வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவருக்கு நேராக 'இதர' என்று இருக்கும். அதை டைப் அடித்தவன் நான்தான்.

அந்த 'இதர' வேலை இதுதான். கப்பலேறப்போகும் ஆட்டுத்தோலிலிருந்து ஒரு துண்டை பம்பாய் ஏஜெண்ட் ஜன்னலோரம் பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, நிறம் சரி என்று தலையாட்ட வேண்டும். அதன் பிறகுதான் சரக்கு துறைமுகத்துக்குப் போகும். ஒருமுறை தபாலில் அனுப்பிய துண்டு பதினோரு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்ததிலிருந்து முதலாளி பக்கீர் முகமதுவுக்குத் தபால் இலாகா மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆகவே காலையில் துண்டோடு அமீருதீன் பறப்பார். மாலையில் தலையாட்டலோடு திரும்புவார்.

அதற்கு முன்பு ஒன்பது வருஷம் அவர் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ரோமம் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடும் குழி அது. அவருடைய விரல் நுனிகள் இன்னும் வெடித்துத்தான் இருக்கும். விமானத்தில் கொடுக்கும் எலுமிச்சை வாசனை ஈரத்துணியால் கை துடைத்தால் எரியும் என்று அதை மடித்து வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார்.

தொண்ணூற்றாறாம் வருஷத் தொடக்கத்தில் விமானக் கம்பெனியிலிருந்து அவர் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு கடிதம், ஒரு தங்க நிற அட்டை. கையில் எடுத்துப்போகும் பையில் மாட்டிக்கொள்ள ஒரு வார். போன வருஷம் முப்பது தடவைக்கு மேல் பறந்த மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு அன்பளிப்பு. அட்டையில் 'அமீருதீன்' என்று புடைத்த எழுத்துகள். கம்பெனியில் அவரை யாரும் மதிப்புக்குரியவராகக் கருதியிருக்கவில்லை என்பதால் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்துக்காட்ட வேண்டியிருந்தது.

இனி அதைப் பையில் மாட்டுவதா, வேண்டாமா? நாட்டில் அப்போது வேறு பிரச்சினைகளும் இருந்தன. கடப்பேரியில் இது ஒன்றுதான்.

அவர் மனைவி மெஹர் பானுவுக்குச் சந்தேகமே இல்லை.

"மாட்டிகினு போங்க. இல்லாங்காட்டி உங்கள யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

"மாட்டுனா மட்டும் இன்னா தெரியப்போவுது? தோல் துண்டு தூக்குறவன்னு அட்டையிலயா எழுதிக்கீது?"

"எழுதலல்ல? அப்போ மாட்டுங்க."

மாட்டினார். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்து, "இன்னா பாய், கைப்பைக்கெல்லாம் நம்பர் பிளேட் குடுக்கறானா?" என்றார். அதற்காக அமீருதீன் அசந்துவிடவில்லை. அடுத்த ஸ்டேஷனில் பையை மடியிலிருந்து எடுத்து மேல் கம்பியில், அட்டை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார். ஆனால் பல்லாவரத்தில் இறங்கிக் கம்பெனி கேட்டை நெருங்கியதும் அட்டை பையின் சைடு ஜிப்புக்குள் போய்விடும். மாலையில் கேட்டைத் தாண்டியதும் வெளியே வரும். நிலாவைப் போல அதற்கும் ஒரு நேரம் இருந்தது.

காரணம் முதலாளி. அவர் வருஷத்துக்கு நாலு தடவை பறப்பவர். அவருக்கு விமானக் கம்பெனி ஒரு காலண்டர்கூட அனுப்பியதில்லை. போதாததற்கு, அந்த வருஷம்தான் ஆம்பூரிலிருந்து அவருக்கு மாப்பிள்ளை வந்து வாய்த்திருந்தார். மாப்பிள்ளைக்கு பம்பாய் பார்க்க ஆசை. அக்டோபரில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் முதலாளி அறிவித்தார்:

"ஒரு துண்டு தோலத் தூக்கினு போறதுக்குத் தனியா ஓர் ஆளா? ஜனவரிலேர்ந்து மாப்ள போவட்டும். அமீரு, நீ மறுபடி குழிப் பக்கம் பாத்துக்கோ. அங்கதான் ஆள் கம்மி."

"சரிங்க மொதலாளி," என்றார் அமீருதீன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நவம்பரில் பம்பாய் ஏஜெண்டின் மகளுக்கு நிக்காஹ். முதலாளியே போக வேண்டியிருந்தது. கூடவே சாம்பிளும் போகட்டும் என்று அமீருதீனையும் கூட்டிப்போனார். கிளம்புவதற்கு முந்திய நாள் அமீருதீன் என் மேஜையருகே வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்கு மாட்டவா, வேணாவா? பாத்தாருன்னா, ஜனவரி வரைக்கும்கூட உடமாட்டாரு. நாளைக்கே குழிதான்."

"உங்க இஷ்டம் பாய்," என்றேன். முக்கியமான விஷயங்களில் நான் சொல்லும் அபிப்பிராயம் எப்போதும் இதுதான்.

அவர் கழற்றிவிடத்தான் நினைத்திருந்தார். ஆனால் முதலாளியோடு போகும் நாளிலாவது அட்டை கீழே விழக்கூடாது என்று மெஹர் பானு கறுப்பு நூலால் ஐந்து முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தார். ரயிலில் வரும் வழியெல்லாம் வெடித்த விரல்களால் நெருடிப் பார்த்திருக்கிறார். முடிச்சு அசையவில்லை. ஜிப்புக்குள் திணிக்கவும் நூல் நீளமில்லை.

சாம்பிள் பெட்டியை வேனில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான். மீனம்பாக்கத்தில் பார்வையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். முதலாளியின் கண் அதற்குள் பையில் விழுந்துவிட்டிருந்தது.

"இது இன்னாடா?"

"பிளேன்காரன் குடுத்தான் மொதலாளி."

முதலாளி வாரை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முப்பது வருஷத் தொழில் அனுபவம் பேசியது: "ரெக்சின்." பிறகு அட்டையைத் திருப்பினார். பெயரைப் படித்தார். "எனக்கு ஏன் குடுக்கல?"

அமீருதீன் என்னைப் பார்த்தார். நான் விமான நேர அட்டவணையைப் பார்த்தேன். அவர் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அட்டையை முதலாளியின் புதுப் பையில் மாட்டினார்.

"உங்குளுதுதான் மொதலாளி. உங்க டிக்கெட்ல போனதுக்குக் குடுத்தது. எம் பேரு சும்மா எழுதிக்கீது."

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு டிக்கெட்டையும் வாங்கினாள். முதலாளியின் பையைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். "குட் மார்னிங், மிஸ்டர் அமீருதீன். ஒங்களுக்கு முன்வரிசை சார். உள்ள தனி ரூம் இருக்கு, காபி சாப்பிடலாம்."

இரண்டு கப்பல், தோல் பதனிடும் ஷாப் ஒன்று, பள்ளிவாசல் கமிட்டியில் முக்கியப் பதவி ஆகியவற்றின் சொந்தக்காரரான பக்கீர் முகமது மூன்று விநாடி யோசித்தார். பிறகு, "குட் மார்னிங்," என்றார்.

கப்பல் என்று சொன்னது தவறு. அவர் சரக்கு ஏறும் கப்பல்கள். அவற்றைத் தன்னுடையவை என்றுதான் அவர் சொல்லுவார்.

அந்தப் பெண் அடுத்து அமீருதீன் பக்கம் திரும்பினாள். "மிஸ்டர் பக்கீர் முகமது, ஒங்களுக்குக் கடைசி வரிசைதான் இருக்கு. பரவால்லையா?"

"பரவால்லம்மா," என்றார் அமீருதீன். இரண்டு மணி நேரம் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்தபடி அவர் அந்தக் கம்பெனிக்கு முதலாளியாக இருந்தார்.

அட்டை திரும்பி வரவில்லை. முதலாளியின் பையோடு அது சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மனை பார்க்கப் போனது. கல்யாணங்களுக்குப் போனது. பெயரைப் பார்த்து யாராவது கேட்டால், "நம்ம ஆளு பேர்ல எடுத்து வச்சிருக்கு," என்பார், ஏதோ நிலம் வாங்கியதைப் போல. மெஹர் பானு மட்டும் ஒரு வாரம் கணவருக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் இன்னொரு உறை வந்தது. முதலாளி அறையில் மாப்பிள்ளையும் இருந்தார், பம்பாய்க்கென்று வாங்கிய புது ஷூவோடு. நான் படித்தேன். அட்டையில் பெயருள்ளவர் ஒவ்வொரு வருஷமும் தானே முப்பது தடவை போய்வந்தாக வேண்டும். தவறினால் ஜனவரியிலிருந்து அட்டை செல்லாது.

முதலாளி தாடியைத் தடவினார். அமீருதீனைக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் எத்தினி வாட்டி போன?"

"இருவத்தாறு மொதலாளி."

முதலாளி விரல் விட்டு நாலு எண்ணினார். பிறகு அவர் குரலில் ஒரு பரிவு வந்தது.

"மாப்ள, உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? பிளேன்ல காது அடைக்கும். குழிப் பக்கம் மேற்பார்வை பாருங்க. தொழிலே அங்கதான் கீது."

மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். அமீருதீன், "சரிங்க மொதலாளி," என்றார். அக்டோபரில் சொன்ன அதே வார்த்தை. ஆனால் வராந்தாவுக்கு வந்ததும் கைகளை முன்னால் நீட்டி விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார்.

டிசம்பரில் சரக்கு குறைவு. ஆனாலும் மூன்று வாரத்தில் நாலு தடவை பம்பாய்க்கு அனுப்பப்பட்டார். முதல் இரண்டு தடவை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிறத்துக்கே ஏஜெண்ட் மறுபடி தலையாட்டினார். மூன்றாவது தடவை, துண்டே வேண்டாம், சும்மா போய்வா என்றுவிட்டார் முதலாளி.

அன்று மீனம்பாக்கத்தில் காவலர் பையைத் திறந்திருக்கிறார். உள்ளே மெஹர் பானு கட்டிக்கொடுத்த குஸ்கா டப்பாவைத் தவிர வேறொன்றும் இல்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"பம்பாய்க்கு எதுக்குப் போறீங்க?"

"திரும்பி வர்றதுக்கு சார்," என்றிருக்கிறார் அமீருதீன்.