உடுதுணியும் தொழில் சாமானும்

எங்கள் நாடகக் கம்பெனி என்று சொன்னால் ஏழு பேர், ஐந்து தகரப் பெட்டி, ஒரு ஆர்மோனியம். அவ்வளவுதான். அண்ணன் ராஜா வேஷம் கட்டுவான், முதலாளியும் அவனே. ஆர்மோனியம் நான். மதினி கூடவே வந்து எல்லாருக்கும் சமைத்துப் போடுவாள். மற்ற நாலு பேரும் தேவாரம் என்ற ஊர்ப் பக்கத்து ஆட்கள். அதில் ஒருவன் பெண் வேஷத்துக்கு. சிலமலையில் எங்களுக்கு இருந்த புஞ்சையை விற்றுத்தான் அண்ணன் அந்தப் பெட்டிகளை நிரப்பினான். கிரீடம், தோள்கட்டு, சரிகை அங்கிகள், மதுரையில் எழுதி வாங்கிய அரண்மனைத் திரை. நிலம் போனதில் அவனுக்கு வருத்தமே இல்லை. புஞ்சை மழையைப் பார்த்துக் கிடக்கும், கிரீடம் எந்த மாசத்திலும் சோறு போடும் என்பான்.

ஒரு ஐப்பசியில் மலைமேல் ஏலத்தோட்டத்துக் கங்காணி ஆள் அனுப்பினார். காய் பறிப்பு நடக்கிற நேரம், கூலி ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், மூன்று நாள் வந்து ஆடுங்கள் என்றார். அதுவரை நாங்கள் மலை ஏறியதில்லை. போடிக்கு அப்போது ரயிலும் கிடையாது. பள்ளத்தாக்கு ஊர்களுக்குப் பெட்டியை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு போவோம். மலைப்பாதையில் வண்டி ஏறாது, பொதிமாடுதான். போடியில் பொதிமாடு வைத்துச் சுமை ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றிருந்தது. அங்கே போனோம்.

குமாஸ்தா எங்கள் பெட்டிகளை நிறுத்துப் பார்த்துவிட்டு, "இன்சூர் பண்றீகளாண்ணே?" என்று கேட்டான்.

"அப்படின்னா?"

"சுமைக்கூலிக்கு மேல கொஞ்சம் சேத்துக் கட்டணும். மாடு உருண்டாலும், மழையில நனைஞ்சாலும், களவு போனாலும் கம்பெனி ஈடு குடுக்கும். ரயில்ல இருக்குற மாதிரிதான். கட்டலைன்னா, போனது போனதுதான்."

"எல்லாத்துக்கும் குடுப்பாகளா?"

"உங்க சொந்தச் சாமானுக்குக் குடுப்பாக."

அண்ணன் சிரித்தான். "இதுல ஊரான் சாமான் எதுவும் இல்லப்பு. எல்லாம் எங்களோடதுதான்."

குமாஸ்தா அப்படியே எழுதிக்கொண்டான். கேட்ட காசை அண்ணன் கட்டினான். எனக்குத் தெரிந்து அன்று அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ரசீதை மடித்து மடியில் செருகியபோது அண்ணன் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. புஞ்சையை விற்ற நாளிலிருந்து அவன் மனசுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆர்மோனியத்தை நான் சாக்குப் போட்டு மூடித் தலையில் வைத்திருந்தேன். ஒரு ஓடையைக் கடக்கும்போது கால் வழுக்கி முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கினான்.

"அதையும் மாட்டு மேல ஏத்துடா. நம்ம கையில இருந்து விழுந்தா நம்ம நட்டம். அவுக மாட்டுல இருந்து விழுந்தா அவுக பொறுப்பு. அதுக்குத்தான காசு கட்டியிருக்கு."

மாட்டுக்காரனும் சரி என்று வாங்கிக் கட்டினான்.

அதற்கப்புறம் இரண்டு வளைவுதான் ஏறியிருப்போம். முன்னால் போன மாடுகளின் காலடியில் பாதை சரிந்தது. பெரிய சத்தம் எதுவுமில்லை. மண்ணும் மாடும் பெட்டியுமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின. ஒரு மாடு கொஞ்ச தூரம் வரைக்கும் எழுந்து நிற்கப் பார்த்தது. பிறகு மேகம் மறைத்துவிட்டது. மதினி அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். மாட்டுக்காரன் மாடுகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றான். கீழே இறங்க வழியில்லை என்று அவனுக்கும் தெரியும்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கங்காணி எல்லாம் கேட்டுவிட்டு, "சாரமில்ல" என்றார். மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம்; அந்தப் பக்கத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்கு அந்தப் பேச்சு ஒட்டியிருந்தது. "உசுரு தப்புச்சே, அது போதும். வேஷம் இல்லாட்டி என்ன, பாடுங்க. சனம் காத்துக் கெடக்கு."

மறுநாள் பொழுது சாயக் கூலி ஆட்கள் சாக்கை விரித்து வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் ஈர வேட்டியோடு நடுவில் போய் நின்றான். ஆர்மோனியம் இல்லாமல் நான் கைத்தாளம் போட்டேன். நான் இந்த நாட்டை ஆளும் ராஜா என்று தொடங்கும் பாட்டு. இரண்டு அடி பாடியிருப்பான். முன்வரிசையில் ஒரு பெண்குழந்தை தன் தாயிடம், "ஆத்தா, அந்த ஆளு ஏன் இப்படி நடுங்குறாரு?" என்று கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அண்ணன் நிறுத்திவிட்டான். பிறகு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவன் பாடி நான் கேட்டதில்லை.

கீழே இறங்கிப் போடிக்கு வந்து ரசீதை நீட்டினோம். குமாஸ்தா, "கண்டிப்பா கெடைக்கும்ணே, கவலப்படாதீக" என்று சொல்லி எங்களை உள்ளே ஏஜென்டிடம் அழைத்துப் போனான். ஏஜென்டு கோட்டுப் போட்ட மனுஷர். மரியாதையாக உட்காரச் சொன்னார். ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்ததை வாய்விட்டுப் படித்தார். சொந்தச் சாமான் என்றால் பிரயாணி உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம். பிழைப்புக்காகக் கொண்டுபோகிற சாமான் தொழில் சாமான். அதற்கு வேறு விகிதம், அதைத் தனியாகச் சொல்லிக் கட்டியிருக்க வேண்டும்.

"அங்கியும் உடுத்துற துணிதானய்யா" என்றான் அண்ணன். "என் உடம்புலதான் போடுறேன்."

"அதைப் போட்டுக்கிட்டு ஆடுறதுக்குக் கூலி வாங்குறீங்களா?"

"ஆமா."

"அப்ப அது தொழில் சாமான்."

நான் ஆர்மோனியத்தைக் கேட்டேன். அது போடியில் நிறுக்காத சாமான், பாதையில் ஏற்றியது, எந்தக் கணக்கிலும் வராது என்றார். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டான். அவனும் அந்தப் பின்பக்கத்தை அதுவரை படித்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கதவோரம் நின்ற மதினி அப்போதுதான் பேசினாள். "பெட்டியில எங் கல்யாணப் பொடவ இருந்துச்சுய்யா. அது எனக்குச் சொந்தம்."

ஏஜென்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் இளகியது. "அது சேரும்மா. பட்டா? நீங்க மட்டுந்தான் கட்டுவீங்க, அப்படித்தான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாடகத்துல ராணிக்கும் அதத்தான்யா கட்டிவிடுவோம்" என்றாள். "வேற பட்டு ஏது எங்களுக்கு."

ஏஜென்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அவருக்கும் மேலே ஒருவர் இருந்திருப்பார். கடைசியில் அதையும் தொழில் சாமானிலேயே சேர்த்தார். வேட்டிகளுக்கும் கம்பளிக்கும் இரண்டு பானைக்கும் பழைய துணி, பழைய பாத்திரம் என்று தேய்மானம் கழித்து ஈடு கொடுத்தார்கள். இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதியிருந்த இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். வாங்காமல் திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். "ஊர் போய்ச் சேரணும்ல" என்றான். அந்தக் காசில்தான் மற்ற நாலு பேரையும் அனுப்பிவைத்தோம்.

வெளியே வந்ததும் மதினி, "பொய் சொல்லியிருக்கணுமோ?" என்று கேட்டாள். அண்ணன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். கோபம் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். அவனிடம் கோபமும் இல்லை.

விற்ற புஞ்சையில் அந்த வருஷம் சோளம் நன்றாக விளைந்திருந்தது. அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அண்ணன் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் விடியலில் வீட்டில் கிடந்த பழைய கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். பெட்டியைத் தேடப் போயிருப்பான் என்று முதலில் நினைத்தோம். அவன் போனது கங்காணியிடம். பச்சை ஏலக்காயைப் போட்டு உலர்த்தும் சூட்டறையில் விறகு தள்ளும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். மதினி தேவாரத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். அங்கே காட்டு வேலை, அறுப்புக் காலத்தில் யானை இறங்காமல் பயிருக்குக் காவல். அவனை வரச் சொல்லி இரண்டு முறை ஆள் விட்டாள். வரவில்லை. அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.

எனக்குப் போடியில் ஏலக்காய் மண்டியில் மூட்டை தைக்கிற வேலை கிடைத்தது. வருஷத்தில் சில தடவை மலைக்கு அனுப்புவார்கள். போனால் அண்ணனைப் பார்ப்பேன். புகையில் அவன் கண் சிவந்தே இருக்கும். கீழே மழை உண்டா என்று கேட்பான், மதினியைப் பார்த்தாயா என்று கேட்பான். பார்த்தேன் என்பேன். நல்லாயிருக்காளா என்பான். இருக்காள் என்பேன். "சரி, வெரசா எறங்கு, மேகம் கட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே விறகு தள்ளப் போய்விடுவான்.